வாதாமரத்துக் காகம் மீதான புகார்

எங்கள் கம்பெனிக் காவலருக்கு வேலை போகப்போகிறது என்பதும், அதற்கு என் நோட்டுப்புத்தகம்தான் முதல் சாட்சி என்பதும் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு எனக்குத் தெரியவந்தது. பத்தேகால் என்றுதான் நினைக்கிறேன். பதிவு அறைக் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடும். அந்தப் பதற்றத்தில் மூன்றைக் கழித்தேனா இல்லையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் இப்படி இருந்தது: "வளாகத்திலுள்ள காகம் ஒன்றை உணவளித்துப் பழக்கி, உதவி மேலாளரின் தலைமீது திட்டமிட்டு ஏவியதாகக் காவலர் மீது எழுந்துள்ள புகார் குறித்து வியாழக்கிழமை விசாரணை நடைபெறும். பதிவு எழுத்தர் தமது காகக் குறிப்பேட்டுடன் ஆஜராக வேண்டும்."

"நாயை ஏவி விட்டவனைப் பார்த்திருக்கேன்," என்றார் பக்கத்தில் நின்று படித்த ஸ்டோர்கீப்பர். "காக்காவை ஏவி விட்டவனை இப்பதான்யா கேள்விப்படுறேன். இவ்வளவு திறமைசாலியைக் கேட்டைத் திறக்க விட்டு வீணாக்கிட்டாங்களே!"

நான் சிரிக்கவில்லை. அந்தப் பதிவு எழுத்தர் நான்.

எங்களுடையது எடை மெஷின்களைப் பழுதுபார்த்து முத்திரை வைத்து அனுப்பும் கம்பெனி. வந்து சேரும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டுவது என் வேலை. சீட்டில் பதினான்கு கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பட்டறைக்காரர்கள் மெஷினைத் தொடமாட்டார்கள். சீட்டு என் மேஜைக்கே திரும்பி வரும். நான்கு வருடமாக இதைச் செய்வதால் எங்கே காலிக் கட்டத்தைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். இது பெருமைக்குரிய குணமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு நான் காட்டுயிர்க் கவனிப்பு வகுப்புக்குப் போகிறேன். "ஊர்ல அவனவன் வேலை முடிஞ்சு கம்ப்யூட்டர் படிக்கப் போறான். என் தம்பி காக்கா பார்க்கப் படிக்கப் போறான்" என்று அக்கா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவிட்டாள். வகுப்பு எடுக்கும் மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். பகலில் குடிநீர் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போகிறபோது அணில், ஓணான், மைனா எல்லாவற்றையும் பதினோரு வருடமாகக் குறித்து வைத்திருக்கிறார்.

அவர் வைத்த விதிகள் கறாரானவை. மையால் எழுதவேண்டும். பக்கங்களுக்கு எண் போடவேண்டும். கிழிக்கக்கூடாது, தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். எதைப் பார்த்தோமோ அதை மட்டும் எழுதவேண்டும். முதல் வாரம் நான் "காகம் கோபமாக இருந்தது" என்று எழுதிக் கொண்டுபோனேன்.

"கோபம்னு அது உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். கத்துச்சு."

"அப்ப 'கத்தியது'ன்னு எழுதுங்க. மீதியை நீங்க உங்க வீட்ல இருந்து கொண்டு வந்திருக்கீங்க."

சான்றிதழ் கிடைக்க ஒரே விலங்கையோ பறவையையோ எண்பது மணி நேரம் கவனித்து எழுத வேண்டும். பதிவு அறை ஜன்னலுக்கு நேரே, கேட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில், ஒரு வாதாமரம் நிற்கிறது. அதில் ஒரு காக ஜோடி கூடு கட்டியிருந்தது. பாதி சுள்ளி, பாதி எங்கள் பட்டறைக் கழிவுப் பெட்டியிலிருந்து திருடிய செம்புக் கம்பி. சீட்டு எழுதும் இடைவெளிகளிலும் சாப்பாட்டு நேரத்திலும் நான் குறித்துவந்தேன். மரத்தடியில் யார் வந்தாலும் அதையும் எழுதவேண்டும் என்பது விதி. எழுதினேன். காவலர் தினமும் ரொட்டி பிய்த்துப் போடுவதை எழுதினேன். அவர் ரொட்டி போட்டதாக மட்டும் நாற்பது பதிவுகள் அந்த நோட்டில் இருக்கின்றன, மையால், எண் போட்ட பக்கங்களில்.

உதவி மேலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் அலுவலகத்தில் அவரைவிட அவருடைய கோட்டுக்கு வருகைப்பதிவு அதிகம். சாம்பல் நிறக் கோட்டு. காலை ஒன்பதே காலுக்கு அதை மாட்டிக்கொண்டு வருவார். நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, மேஜைமேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து வைத்துவிட்டு, பதினொரு மணிவாக்கில் வெளியே போய்விடுவார். திரும்ப வந்து, மூன்று மணிக்கு முன் மறுபடி போவார். சாயங்காலம் வந்து கோட்டை மாட்டிக்கொண்டு, நாளெல்லாம் உழைத்த களைப்போடு வீட்டுக்குப் போவார். "சார் இருக்காரா?" என்று யாராவது கேட்டால், "கோட்டு இருக்கு" என்பது எங்கள் பதில். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால், "இப்பதான் எழுந்து போனார், பாருங்க, கோட்டு ஆடுது" என்று ஸ்டோர்கீப்பர் சொல்லுவார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அந்தக் காகம் அவர் தலையில் முதல்முறை அடித்தது. மறுநாள் காலையும் அடித்தது. அன்று மாலையும் அடித்தது. ஃபைலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார், ஃபைலில் அடித்தது. ஓடி வந்தார், கூடவே பறந்து வந்து அடித்தது. அந்த வாரத் தொடக்கத்தில்தான் அவர், "உட்கார்ந்துகிட்டே காவல் காக்கிறதுக்கு இது என்ன சினிமா தியேட்டரா?" என்று திட்டி, காவலருடைய நாற்காலியை எடுக்கச் சொல்லியிருந்தார். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் எங்கள் ஆபீசில் பனம்பழம் விழுந்தால் விசாரணைக் கமிட்டி போடுவார்கள்.

முதற்கட்ட விசாரணையில் காவலர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். "அந்தக் காக்காவுக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "தெரியாம என்ன சார், மூணு வருஷமா நம்ம பிள்ளை மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். அதைக் குற்ற ஒப்புதலாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். வேலை போனால் அறையும் போகும்.

அன்று பிற்பகல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காவலருக்குச் சாதகமாக ஒரு வரியாவது இருக்காதா என்று தேடினேன். தேடுவது சரியா என்றும் சந்தேகம் வந்தது. வேண்டியதைத் தேடுகிறவனுக்கு வேண்டியதுதான் கண்ணில் படும் என்று மேடம் சொல்லுவார். ஆகவே எல்லாவற்றையும் கட்டம் போட்டு நிரப்பினேன். முதல் அடி விழுந்த நாளிலிருந்து உதவி மேலாளர் மரத்தைக் கடந்தது, கோட்டுடன்: முப்பத்தாறு முறை. காகம் அடித்தது: முப்பத்தொன்று. கோட்டில்லாமல் கடந்தது: நாற்பத்திரண்டு முறை. காகம் அடித்தது: பூஜ்யம்.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். பூஜ்யம்தான். காகத்துக்கு அவரைத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்தது கோட்டை.

உடனே நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் அடி விழுந்த வியாழனுக்கு முந்தைய நாள், புதன், பிற்பகல் 3.20க்கு, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மரத்தில் ஏணி வைத்து ஏறியது நான்.

நடந்தது இது. வகுப்பில் கொடுத்த படிவத்தில் 'முட்டைகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தது. அதே தாளின் நான்காவது குறிப்பு, கூட்டை நெருங்க வேண்டாம் என்று சொல்லியது. ஐந்தாவது குறிப்பு, தவிர்க்கவே முடியாமல் நெருங்க நேர்ந்தால் வழக்கமான உடையில் போகாதீர்கள், காகம் ஆளை நினைவு வைத்துக்கொள்ளும் என்றது. காலிக் கட்டம் இருப்பதால் இது தவிர்க்க முடியாத நிலை என்று முடிவு செய்து, நான்காவதை விட்டு ஐந்தாவதை ஒழுங்காகப் பின்பற்றினேன். கோட்டு நாற்காலியில் சும்மாதான் இருந்தது. காவலர் டீ குடிக்கத் தன் அறைக்குள் போயிருந்தார். தொப்பி போட்டு, மூக்குவரை கைக்குட்டை கட்டி, ஏறி எண்ணினேன். நான்கு முட்டைகள். இரண்டு காகங்களும் என்னைச் சுற்றிக் கத்தின. இறங்கி, கோட்டிலிருந்த சுள்ளியைத் தட்டி, பழையபடி தொங்கவிட்டேன். "பார்வையாளர் மாற்று உடையில் கூட்டை நெருங்கினார்" என்று எழுதினேன். யாருடைய உடை என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

ஆனாலும் இது ஊகம்தானே? சோதிக்காமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது. செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு, சார் வெளியே போனதும், கோட்டை எடுத்து நீள ஒட்டடைக் குச்சியில் மாட்டி, கைக்கு எட்டிய உயரத்தில் பிடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். காகம் குண்டு மாதிரி இறங்கிக் கோட்டின் காலரில் அடித்தது. ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அடித்தது.

"தம்பி," என்று பின்னாலிருந்து குரல். காவலர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இல்லாததால் எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். "சாரைத் தூக்கில போட்டு ஊர்வலம் வர்றியா?"

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, ஏணி, முட்டை, முப்பத்தொன்று, பூஜ்யம். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்படின்னா அது எனக்காகக் கொத்தலியா?"

"அண்ணே, இதைச் சொன்னா உங்க வேலை பிழைக்கும்."

"அது சரி." மரத்தை அண்ணாந்து பார்த்தார். "நாற்காலியை எடுத்த அன்னைக்கு அது கிளையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்துச்சு தம்பி. எனக்காகக் கேட்க ஒரு ஜீவன் இருக்குன்னு நினைச்சேன். வீட்லகூட சொல்லிட்டேன்."

அன்று வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் அக்காவிடம் சொன்னேன்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு," என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கேன்க்கா."

"அப்ப நோட்டையே தொலைச்சுடு."

"அது தொலைஞ்சா வாட்ச்மேன் அண்ணனுக்கு எதிரா அவர் கையெழுத்துப் போட்ட பேப்பர் மட்டும்தான் மிஞ்சும்."

அக்கா கீரைத் தண்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "கோட்டைத் திருடினதுக்கு உனக்கு என்ன கிடைக்கும்?" என்றாள்.

"திருடலை. இருபத்திரண்டு நிமிஷம் எடுத்தேன்."

"நல்லா சொல்லு. நிமிஷக் கணக்கு வேற கையில வெச்சிருக்கான். ஏண்டா, ஊர்ல நாய் பூனைன்னு எவ்வளவோ இருக்கு, மரத்துல ஏறாத ஜந்து எதையாவது பார்த்துத் தொலைச்சிருக்கக்கூடாதா?"

பூனை மரத்தில் ஏறும் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் என் நோட்டு. எதிரே காவலர், இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்தில் உதவி மேலாளர், கோட்டில். தலையின் வலது ஓரத்தில் சின்னப் பிளாஸ்திரி.

"சார், நாற்பது இடத்துல இருக்கு," என்று உதவி மேலாளர் ஆரம்பித்தார். "ரொட்டி, ரொட்டி, ரொட்டி. தேதி, மணி, நிமிஷத்தோட. இந்தப் பையன் பொய் எழுதத் தெரியாதவன். இதைவிட நேர்மையான ஆவணம் நம்ம கம்பெனியில கிடையாது."

அன்று காலை நோட்டை வாங்கிப்போனவர் ரொட்டிப் பக்கங்களை மட்டும் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடையாளத்துக்குக் காகிதத் துண்டுகளும் சொருகியிருந்தார்.

அதிகாரி துண்டுகளைப் பொருட்படுத்தாமல் முதலிலிருந்து படித்தார். மூக்கடைத்த குரலில் அது ஏதோ செய்தி வாசிப்பதுபோல் இருந்தது.

"பகல் 11.06. உ.மே. கேட் வழியாக வெளியே சென்றார். கோட்டு இல்லை. காகம் கவனிக்கவில்லை. 12.40. காவலர் ரொட்டி. 12.55. உ.மே. உள்ளே. கையில் பலகாரப் பொட்டலம். காகம் கவனிக்கவில்லை. 2.50. உ.மே. வெளியே..." நிறுத்தினார். "யாரு இந்த உ.மே.?"

ஸ்டோர்கீப்பர் கூரையைப் பார்த்தார்.

"உதவி மேலாளர் சார்," என்றேன். மீதியையும் அதே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. நிறுத்தினால் மறுபடி துணிச்சல் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "சார், தப்பு என்னுது. அந்தப் புதன்கிழமை 3.20க்கு சாருடைய கோட்டைப் போட்டுக்கிட்டு கூட்டுக்கிட்ட ஏறினது நான். அதுலேர்ந்துதான் காகம் கோட்டைத் துரத்துது. அண்ணன் ரொட்டி போட்டார், அவ்வளவுதான். ஏவலை. கோட்டோட முப்பத்தாறு தடவையில முப்பத்தொண்ணு, கோட்டில்லாம நாற்பத்திரண்டுல ஒண்ணுமில்ல. ஒட்டடைக் குச்சியில மாட்டியும் பார்த்துட்டேன்."

அதிகாரி நீளமாக மூக்கைச் சிந்தினார்.

"3.20க்குக் கோட்டு உங்க மேல இருந்துச்சு. அப்ப இவர் எங்க இருந்தார்?"

"வெளியே சார். 2.50க்குப் போய் 4.35க்கு வந்தார். எழுதியிருக்கு."

"பொய்!" உதவி மேலாளர் எழுந்துவிட்டார். "அன்னைக்கு முழுக்க நான் சீட்ல இருந்தேன். கோட்டு என் உடம்புல இருந்துச்சு! இவன் எழுதினதெல்லாம் கற்பனை!"

"இப்பதானே இதைவிட நேர்மையான ஆவணம் கிடையாதுன்னீங்க?"

"ரொட்டி வரைக்கும் நேர்மை சார்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "பாருங்க, பாதி நோட்டு சாட்சி, பாதி நோட்டு கற்பனைன்னு நான் மேல எழுத முடியாது. நோட்டு உண்மைன்னா முழுசும் உண்மை. கற்பனைன்னா ரொட்டியும் கற்பனை. எது வேணும், சொல்லுங்க. எனக்கு ஒரு மணிக்கு மாத்திரை போடணும்."

உதவி மேலாளர் காவலரைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். தம்மைப் பற்றிய எழுபத்தெட்டுப் பதிவுகளையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்திருப்பார் என்று எழுதத் தோன்றுகிறது; ஆனால் நான் பார்த்தது அவர் பிளாஸ்திரியைத் தடவியதை மட்டும்தான்.

"கற்பனை," என்றார்.

முடிவு அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது. சாட்சியம் இல்லாததால் காவலர் மீதான புகார் கைவிடப்படுகிறது. உதவி மேலாளர் அலுவல் நேரம் முழுவதும் கோட்டணிந்து தம் இருக்கையில் இருப்பவர் என்று கமிட்டி பதிவு செய்கிறது. காகக் குறிப்பேட்டில் உள்ள அனைத்தும் தமது கற்பனை என்று பதிவு எழுத்தர் ஒப்புக்கொள்கிறார். கடைசி வரியின் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

காலிக் கட்டம். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுபத்தொரு மணி நேரம். நாலு முட்டை. மூன்று குஞ்சு பொரித்த நாள், நான்காவது பொரிக்காமல் போனது. எல்லாம் நான் பார்த்தவை. காவலர் என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகம் சம்பந்தமாக நான் மையால் எழுதிய ஒரே பொய் அதுதான். நோட்டை ஃபைலோடு கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன்.

"கூட்டுக்கிட்ட ஏறினீங்க," என்றார். அவருக்கு விசாரணை, கமிட்டி எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நாலாவது முட்டை பொரிக்கலை. அது நீங்க ஏறினதாலயா?"

"தெரியலை மேடம்."

"தெரியாதுதான். இனிமே தெரியவும் போறதில்ல. சான்றிதழ் கிடையாது. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. இந்தத் தடவை எறும்பு."

ஆபீசில் என் நிலைமை அதைவிட மோசம். கமிட்டி பதிவு செய்துவிட்டதால், உதவி மேலாளர் இப்போது அலுவல் நேரம் முழுவதும் கோட்டணிந்து தம் இருக்கையில் இருக்கிறார். கோட்டைக் கழற்றினால் பதிவு பொய்யாகிவிடும். கோட்டோடு வெளியே போனால் காகம் இருக்கிறது. பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவர் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். பட்டறைக்கு வந்து "ஏன் இந்த மெஷின் இன்னும் முடியலை?" என்று கேட்கிறாராம். டீ நேரம் பன்னிரண்டு நிமிடமாகக் குறைந்துவிட்டது. "உத்தமனே, உண்மையைச் சொல்லி ஊரைக் கெடுத்தியே," என்று ஸ்டோர்கீப்பர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டேன் என்பதைத் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

மறு வாரம் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்குப் போனேன். எறும்பு தேடித்தான். காவலர் ரொட்டியோடு நின்றிருந்தார். நாற்காலி இன்னும் திரும்பி வரவில்லை. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, மரத்தைப் பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, கணக்கெல்லாம் நீதானே போட்டே. அது சுத்தமா எனக்காகக் கொத்தவே இல்லியா?"

கோட்டு, குச்சி, பூஜ்யம் எல்லாம் நாக்கு நுனியில் வந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கோட்டோட போன முப்பத்தாறுல அஞ்சு தடவை அடிக்கலை அண்ணே," என்றேன். "மூணு தடவை மழை. மீதி ரெண்டுக்கு எனக்குக் காரணம் தெரியலை. ரெண்டு நாளும் நீங்க லீவு."

அது உண்மை. பத்து தரம் சரிபார்த்திருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஒரு அர்த்தமும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

காவலர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு, கேட்டுப் பக்கம் திரும்பித் தன் அறை வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏய், இங்க வந்து கேளு! தம்பி என்ன சொல்லுதுன்னு வந்து கேளு!"